குவாந்தோ பாஸ்தா

என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வெங்காயம் ஒன்று. காரட் ஒன்று. செலரி ஒரு தண்டு. உப்பு, குவாந்தோ பாஸ்தா." இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுச் சமையலறையில், அந்த வீட்டு அம்மாள் சொல்லச் சொல்ல நின்றபடியே எழுதியது. 'குவாந்தோ' என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பாஸ்தா என்றால் பாஸ்தா. பாஸ்தா எவ்வளவோ அதற்கேற்ற உப்பு என்று நானாகவே பொருள் செய்துகொண்டேன். பத்து நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே 'பா' ஆகிவிடுகிறது. அவர்கள் சொன்ன 'பா', பம்பரம் என்ற சொல்லில் இரண்டாவதாக வரும் ப. 'பாஸ்தாரே' என்றால் போதுமாக இருத்தல். எவ்வளவு போதுமோ அவ்வளவு. நம் பத்திரிகைச் சமையல் குறிப்புகளில் 'உப்பு – தேவையான அளவு' என்று போடுவார்களே, அதேதான்.

போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். மரக் கரண்டியை என் பக்கம் நீட்டி, "அஸ்ஸாஜா" என்றார். ருசித்துப் பார்.

நான் கட்டடக்கலை மாணவி. பழைய கட்டடங்களை அளந்து வரைபடமாக்கும் பயிற்சிக்காக ஜூன் நடுவில் பொலோன்யா போய், ஆகஸ்ட் கடைசி வரை பதினோரு வாரம் இருந்தேன். கல்லூரி பாதிச் செலவைக் கொடுத்தது. மீதிக்கு அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. பகல் முழுக்க மில்லிமீட்டர் தப்பாமல் அளக்க வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பினால், எதையுமே அளக்காத ஒரு அம்மாளுடன் சமையல். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் கோடைக்காலம் முழுவதும் ஓடியது.

வீட்டு அம்மாளுக்கு எழுபத்தாறு வயது. நாற்பது வருடம் 'ஸ்ஃபோல்யீனா'வாக வேலை பார்த்தவர். முட்டை மாவை கையாலேயே மெல்லிய தாளாகத் தேய்க்கும் பெண்களுக்கு அங்கே அந்தப் பெயர். அவர் என்னை நீ என்றுதான் சொல்வார். என்னையும் அப்படியே பேசச் சொன்னார். எனக்கு நா எழவில்லை. கடைசி நாள் வரை 'லேய்' போட்டு, நீங்கள் என்றே பேசினேன். கூப்பிடுவது 'சிஞோரா' என்று. இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

பொலோன்யா, அளவுகளைக் கல்லில் வெட்டி வைத்த ஊர். பியாட்சா மஜ்ஜோரே என்ற பெரிய சதுக்கத்தில் நகராட்சி அரண்மனையின் சுவரில், பழைய நாளில் அந்த ஊரில் புழங்கிய அடியும் முழமும் கோலும் செதுக்கப்பட்டிருக்கின்றன. செங்கல், ஓடு இவற்றின் அளவும் உண்டு. சந்தையில் யாராவது துணியைக் குறைத்து அளந்தால், இழுத்து வந்து இந்தச் சுவரில் வைத்துக் காட்டலாம். முதன்முறை பார்த்தபோது எங்கள் பக்கத்துக் கோயில்கள் ஞாபகம் வந்தன. காவிரிக்கரைக் கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தை இரண்டு குறிகளால் வெட்டி வைத்திருப்பார்கள். சின்ன வயதில் அதில் கை வைத்து அளந்து விளையாடியிருக்கிறேன். ஊர்ப் பொதுவான அளவு ஊர்ப் பொதுவான சுவரில்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு இடத்துக்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

பொலோன்யா அடி என்பது சுமார் 38 சென்டிமீட்டர். அந்த அடி வெறும் காட்சிப் பொருள் அல்ல. 1288-ல் நகரச் சட்டம் ஒன்று வந்தது: புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தெருப்பக்கம் தூண் தாழ்வாரம் விட்டே ஆக வேண்டும், அதன் உயரம் ஏழு அடிக்குக் குறையக்கூடாது. குதிரைமேல் வருகிறவன் தலை இடிக்காமல் போக அவ்வளவு உயரம் வேண்டும். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கு. நம் திண்ணையைத் தெரு முழுக்க நீட்டி, மேலே கூரை போட்டு, தடுப்புச் சுவர்களை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. 2021-ல் இந்தத் தாழ்வாரங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஜூலையில் அந்த ஊரில் அடிக்கும் புழுக்கம் சென்னையை ஒத்தது. ஆனால் உச்சி வெயிலில் குடை இல்லாமல் ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிழலிலேயே போக முடிந்தது. ஏழு நூற்றாண்டுக்கு முன்னால் யாரோ போட்ட ஒரு விதி என் தலையில் வெயில் படாமல் காத்தது. கட்டடக்கலை படிக்கிற எனக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு கிடையாது.

ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கும் சான் லூக்கா கோயிலுக்கும் அதே போன்ற தாழ்வாரம்தான். 666 வளைவுகள், நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் சிஞோராவுடன் ஏறுவேன். எனக்கு மூச்சு வாங்கும் இடத்தில் அவர் கதை சொல்ல ஆரம்பிப்பார்.

சமையலுக்கு வருகிறேன்.

மேசைமேல் போடும் பெரிய மரப்பலகையில் மாவைக் குவித்து நடுவில் பள்ளம் செய்ய வேண்டும். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை. இது ஒன்றுதான் எண்ணாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த ஊர் முட்டையின் மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். பாஸ்தாவுக்கென்றே அடர்ந்த நிறக் கரு வரும்படி தீவனம் கொடுத்து வளர்த்த கோழிகளின் முட்டை தனியாக விற்கிறது. முள்கரண்டியால் முட்டையைக் கலக்கிக்கொண்டே ஓரத்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்க வேண்டும். கரை உடைந்தால் முட்டை பலகையில் ஓடிவிடும். உடைந்தது, இரண்டு முறை. பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி, மடித்து, திருப்பி, மறுபடி அழுத்தி, கால் மணி நேரம் பிசைய வேண்டும். முதலில் பிசுபிசுப்பாக, பிறகு கட்டியாக, பிறகு ஒரு கட்டத்தில் சட்டென்று வழவழப்பாகக் காதுமடல் மாதிரி ஆகும். அந்தச் 'சட்டென்று' எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைக்குத்தான் முதலில் தெரிகிறது. அப்புறம் மூடி வைத்து அரை மணி நேரம் ஓய்வு. பிசைந்த உடனே தேய்த்தால் ரப்பர் மாதிரி உள்வாங்கும்.

தேய்க்கும் கட்டைக்கு 'மத்தரெல்லோ' என்று பெயர். நம் பூரிக் கட்டை மாதிரி குட்டையானதில்லை. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். சப்பாத்தி தேய்க்கிற பழக்கத்தில் நான் மேலே இருந்து அழுத்தினேன். சிஞோரா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அழுத்தக்கூடாது, தள்ள வேண்டும். கைகள் நடுவில் தொடங்கி, கட்டையின் நீளத்துக்கு வெளிப்பக்கமாக நழுவிக்கொண்டே போகும். அந்த நழுவலில்தான் மாவு விரிகிறது. தாளின் பாதியைக் கட்டையில் சுற்றி, கால்வட்டம் திருப்பி, மறுபடி விரிப்பது. மூன்றாவது வாரம் வரை என்னுடையது நடுவில் தடியாகவும் ஓரத்தில் கிழிந்தும் வந்தது. அவருடையது வட்டமாக, மேசையின் விளிம்பைத் தாண்டித் தொங்கும். சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, "இதன் வழியாகச் சான் லூக்கா தெரிய வேண்டும்" என்பார். அந்த ஊர்ச் சொலவடை அது. உண்மையிலேயே எதிர் வீட்டுக் காவிக் கதவு அதனூடே நிழலாகத் தெரிந்தது.

வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இது அப்பளம் இடுகிற மாதிரிதானேடி" என்றாள். அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பளம் என்றால் என்ன, எதில் செய்வது, வெயிலில் எத்தனை நாள் காயும் என்று சிஞோரா கேட்டுக்கொண்டே போனார். இரண்டு பேரும் என்னை நடுவில் வைத்து அரை மணி நேரம் பேசினார்கள். ஈரப்பதம் பற்றித்தான் முக்கால்வாசிப் பேச்சு.

மரப்பலகையில் மரக்கட்டையால் தேய்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மரத்தின் சொரசொரப்பு மாவின்மேல் படிகிறது. அந்தச் சொரசொரப்பில்தான் மேலே ஊற்றும் 'ரகூ' என்ற இறைச்சிக் குழம்பு ஒட்டும். எந்திர உருளையில் வழுவழுவென்று வந்த தாளில் குழம்பு வழிந்து தட்டுக்குப் போய்விடும்.

விரித்த தாள் லேசாக உலர்ந்ததும், தளர்வாகச் சுருட்டி, கத்தியால் ரிப்பன் ரிப்பனாக வெட்டினால் தல்யாத்தெல்லே. இந்த இடத்தில் பொலோன்யா மறுபடி தன் அளவுச் சுவருக்குத் திரும்புகிறது. 1972 ஏப்ரலில் இத்தாலியச் சமையல் கழகம், தங்கத்தில் செய்த ஒரு தல்யாத்தெல்லாவை ஊர் வணிக மன்றத்தில் ஒப்படைத்தது. வெந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர்; ஊரின் பழைய அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு. கோபுரம் 97 மீட்டர். நான் வகுத்துப் பார்த்தேன், கிட்டத்தட்டச் சரியாக வருகிறது. கோபுரத்தின் மேல் ஏறிப் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் கரிசெந்தா என்ற சாய்ந்த கோபுரத்தின் நிலை மோசமானதால் 2023 முதல் இரண்டையும் மூடிவிட்டார்கள்.

ஒரு நாள் என் பையிலிருந்து இரும்பு அளவுகோலை எடுத்து, சிஞோரா வெட்டிய ரிப்பன்களை வரிசையாக அளந்தேன். ஏழு, ஏழு, ஆறரை, ஏழு, ஏழு. வேகும்போது விரிந்து எட்டாகும். அவர் கத்தியைப் பார்த்து வெட்டுவதே இல்லை, சுருளை நகர்த்தும் இடதுகை விரல்முட்டியைத்தான் பார்ப்பார். அளவு அங்கே இருந்தது. அன்று முழுக்க நான் வேறெதையும் யோசிக்கவில்லை. கல்லூரியில் மூன்று வருடம் அளவு என்பது காகிதத்தில் இருப்பது என்று படித்தவள் நான்.

ரகூ செய்முறையையும் 1982-ல் எழுதி அதே மன்றத்தில் வைத்திருக்கிறார்கள். 2023-ல் திருத்தியும் இருக்கிறார்கள். மாட்டிறைச்சி, பன்றி வயிற்றிறைச்சி, வெங்காயம், காரட், செலரி, ஒயின், கொஞ்சம் தக்காளி, கடைசியில் பால். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிகச் சிறிய தீயில், சட்டியிலிருந்து ஒரு குமிழி வந்து அடுத்தது வர யோசிக்கிற மாதிரி கொதிக்க வேண்டும். உலகம் முழுக்க 'ஸ்பகெத்தி பொலோனேஸ்' என்று விற்பதை அந்த ஊரில் யாரும் வீட்டில் சமைப்பதில்லை. ஸ்பகெத்தி தெற்கத்தியது, முட்டை சேர்க்காத கோதுமை ரவைப் பண்டம். சிஞோராவுக்கு அதில் கோபம்கூட இல்லை, வருத்தம்தான். கும்பகோணம் டிகிரி காப்பி என்று நெடுஞ்சாலை முழுக்கப் பலகை பார்க்கிற எனக்கு அந்த வருத்தம் புரிந்தது.

ஜூலை கடைசியில் ஒரு சனிக்கிழமை, மொதெனா பக்கத்தில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் செய்யும் பட்டறைக்குப் போனேன். காலை எட்டு மணி. மணி கவிழ்த்தாற்போலப் பெரிய செம்புக் கொப்பரைகள், ஒவ்வொன்றிலும் சுமார் ஆயிரம் லிட்டர் பால். முந்தின நாள் சாயங்காலப் பாலை இரவு முழுக்க வைத்து ஆடை எடுத்துவிட்டு, அதோடு காலைப் பாலை அப்படியே சேர்க்கிறார்கள். உறைந்ததும், கம்பிக் கூண்டு மாதிரியான ஒன்றால் அரிசி மணி அளவுக்கு உடைக்கிறார்கள். 55 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். அப்புறம் சூட்டை நிறுத்திவிட்டு, அது தானாக அடியில் போய்க் கட்டியாகும் வரை ஒரு வேலையும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து மரத் துடுப்பால் நெம்பி, துணியில் தூக்கி, இரண்டாகப் பிளந்தார்கள். நாற்பது கிலோ சொச்சம் எடையுள்ள ஒரு சீஸ் சக்கரத்துக்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால். சுமார் மூன்று வாரம் உப்புத் தண்ணீரில். பிறகு குறைந்தது பன்னிரண்டு மாதம் பலகையில்.

கிடங்கில் தரம் பார்க்கிறவர் ஒரு சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் கேட்டுக்கொண்டே போனார். உள்ளே விரிசலோ காற்றோ இருந்தால் ஓசை மாறும். தஞ்சாவூர்ப் பக்கம் பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கும் என் பாட்டியை அந்தக் கிடங்கில் பார்த்தேன்.

கொப்பரையருகே வேலை செய்தவர்களில் ஒருவர் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர். போ ஆற்றுச் சமவெளியின் மாட்டுப் பண்ணைகளிலும் பால் பட்டறைகளிலும் பஞ்சாபிகள் நிறைய. நொவெல்லாரா என்ற ஊரில் அவர்களுக்கு 2000-லிருந்து பெரிய குருத்வாராவே இருக்கிறது. எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. இரண்டு இந்தியர்களும் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டோம். பசுவுக்கு ஞாயிறு கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது, அதனால் தனக்கும் கிடையாது என்றார். புகாராகச் சொல்லவில்லை. இந்தச் சீஸுக்குப் பின்னால் எண்ணூறு தொள்ளாயிரம் வருட மரபு இருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள். இன்று காலை அதைத் தூக்கிப் பிடித்திருப்பது அவர் கைகளும்தான். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஃபுளோரன்ஸுக்கு இரண்டு முறை போனேன். கூட்டம் தாங்கவில்லை. ஆனாலும் புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய பேராலயக் குவிமாடத்துக்குள் 463 படி ஏறி, செங்கல்கள் மீன்முள் மாதிரி பின்னிப் போவதை அருகில் பார்த்தது என் பாடப் புத்தகம் உயிரோடு வந்த மாதிரி. கீழிருந்து முட்டுக் கொடுக்காமல் 1420 முதல் 1436 வரை எழுப்பிய மாடம் அது. அந்த ஊர் ரொட்டியில் உப்பே இல்லை.

ராவென்னாவை மட்டும் என்னால் வேகமாகத் தாண்ட முடியாது. ரோமானிய அரசி கல்லா பிளாசிதியாவின் நினைவிடம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சின்னச் செங்கல் கட்டடம். குனிந்து உள்ளே போய், கண் பழக ஒரு நிமிடம் நின்றால், மேலே ஐந்தாம் நூற்றாண்டின் நீல வானம். நட்சத்திரங்கள் பொன். சன்னல்களில் கண்ணாடி இல்லை, ஒளி ஊடுருவும் அலபாஸ்டர் கல்லின் மெல்லிய பலகை. தேன் நிற ஒளி அதன் வழியாகக் கசிகிறது. நான் எப்போதும் மொசைக் என்றால் சமமாக ஒட்டியது என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு கோணத்தில் லேசாகச் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் தலையை அசைத்தால் சுவர் மினுங்குகிறது. அத்தனை பேர் விரல்கள், அத்தனை சின்னச் சாய்வுகள். வெளியே வந்து ஒரு கடையில் பியதீனா ரொட்டி வாங்கி, அது ஆறும் வரை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் மாந்தோவா. அங்கே 'தொர்தெல்லி தி சூக்கா' சாப்பிட்டேன்: பரங்கிக்காய்ப் பூரணம். பரங்கியோடு பாதாம் பிஸ்கத்துப் பொடி, சீஸ், கடுகுக் காரம் ஏறிய பழ ஊறுகாய் எல்லாம் சேர்த்து மாவுக்குள் வைத்து மூடி, வெண்ணெயில் புரட்டித் தருகிறார்கள். இனிப்பும் உப்பும் கடுகின் சுருக்கும் ஒரே வாயில். சாப்பிட்ட பாஸ்தாக்களில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சிஞோராவிடம் மட்டும் சொல்லவில்லை.

மாந்தோவாவிலிருந்து பேருந்து பிடித்து காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியெரே போனேன். பயணிகள் பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது. போனால், 1859-ல் சோல்ஃபெரினோ போரில் காயம்பட்டவர்களை எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பாராமல் அந்த ஊர்ப் பெண்கள் கவனித்ததற்காக, செஞ்சிலுவைச் சங்க அருங்காட்சியகத்துக்குப் போவார்கள். நான் போனது வேறு ஒருவருக்காக. 1680-ல் அங்கே பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, நமக்கு வீரமாமுனிவர். சென்னைக் கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே, அவர்தான். அவர் மண்ணில் பிறந்த யாரும் எனக்கு முன்னால் தமிழ் பேசிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியதால், சதுக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டுச் சத்தமாகவே பேசினேன். பதினோரு வாரத்தில் நான் ஒரு மொழியில் உப்பு எவ்வளவு என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். அவர் தமிழில் தேம்பாவணி பாடினார், 1732-ல் சதுரகராதி தொகுத்தார். அந்தத் தூரத்தை அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் உணர்ந்தேன்.

ஆகஸ்ட் 15, ஃபெர்ராகோஸ்தோ. அந்த வாரம் பொலோன்யாவில் கதவு கதவாக 'விடுமுறைக்காக மூடப்பட்டுள்ளது' என்ற காகிதம். ஊரே கடலுக்குப் போய்விடுகிறது. சிஞோரா போகவில்லை. எனக்குத் தொர்தெல்லினி மடிக்கச் சொல்லித் தர அதுதான் நேரம் என்றார். மூன்று சென்டிமீட்டர்ச் சதுரம், நடுவில் சுண்டைக்காய் அளவு பூரணம், முக்கோணமாக மடித்து, சுண்டுவிரலைச் சுற்றி இரண்டு முனையையும் ஒட்டுவது. மாவு காய்ந்துவிடுமுன் முடிக்க வேண்டும். மத்தியானம் முழுக்க மடித்தோம். அவர் மூன்று மடிக்க நான் ஒன்று. விரல்களுக்கு வேலை இருந்ததால் வாய் தாராளமாகப் பேசியது. பன்னிரண்டு வயதில் மேசை எட்டும்படி பெட்டிமேல் நின்று அம்மாவிடம் கற்றதை, கணவர் போனதை, மகன் வெளிநாட்டில் இருப்பதை, கடைசியாக யாருக்காவது சொல்லிக்கொடுத்து எத்தனை வருடம் ஆனது என்பதை அன்றுதான் சொன்னார்.

கிளம்பும்போது ஒரு மத்தரெல்லோ கொடுத்தார். புதியதல்ல, நடுவில் லேசாகத் தேய்ந்தது. சூட்கேஸில் குறுக்காக வைத்தால்தான் அடங்கியது.

சென்னை வந்து முதல் தடவை செய்தபோது மாவு வரவே இல்லை. நம் முட்டை சின்னது, கரு வெளிறியது, மைதாவும் வேறு. நூறு கிராமுக்கு ஒன்று என்ற கணக்கில் போட்டால் உதிர்ந்தது. இரண்டாவது முட்டை சேர்த்தால் பலகையோடு ஒட்டிக்கொண்டது. சிஞோராவை வீடியோவில் கூப்பிட்டு, எத்தனை கிராம் குறைக்க வேண்டும் என்று கேட்டேன். கேமராவை மாவுக்கு அருகில் கொண்டுபோகச் சொன்னார். விரலால் அழுத்தச் சொன்னார். குழி எவ்வளவு நேரத்தில் எழும்புகிறது என்று பார்த்தார். "வெளியே மழையா?" என்று கேட்டார். ஆமாம், ஐப்பசி அடைமழை. சமையலறைச் சன்னலைச் சாத்து, முழு முட்டை வேண்டாம், இன்னொரு மஞ்சள் கரு மட்டும் போடு, ஓய்வை ஒரு மணி நேரமாக்கு என்றார். பின்னால் நின்றிருந்த அம்மா எட்டிப் பார்த்து, "அப்பள மாவும் இந்த மழைக்கு இப்படித்தான் சொதசொதக்கும்னு சொல்லுடி" என்றாள்.

சொன்னேன். சன்னலைச் சாத்திவிட்டு, ஈரத் துணியால் மாவை மூடி, கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தோம்.